கயிற்றடியில் நிற்கப் பழக்கிய நாகபூசணி அம்மையாருக்கு

நாரந்தனை கீழ்வீதி ஆரம்ப பாடசாலையின் அகரம் பழக்கும் அரிவரி வகுப்பை அன்பால் ஆண்டு, இன்று பணியிலிருந்து இளைப்பாறும் திருமதி நாகபூசணி சிவபாதம் அவர்களுக்கு, 1981ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் உடன் பணிபுரிந்தோர் வாசித்தளிப்பது.

அரிவரிக்கு அணிகலமே! அன்பையும் அதட்டலையும் அளவறிந்து அளித்த அன்னையே! நயினைத் தீவில் நாகம்மாள் சந்நிதியில் பிறந்து, நாரந்தனையில் நல்லறம் நடத்தி, நாவசைக்கத் தயங்கிய நம் மழலைகளுக்கு நாலெழுத்து ஊட்டிய நல்லாசானே! எங்கள் வணக்கமும் வாழ்த்தும் தங்களுக்கு உரியன ஆகுக!

வாழ்த்தைத் தொடங்குமுன் சபையோருக்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்வலம் இல்லை, மேளம் இல்லை, வெடி இல்லை, இது என்ன பிரியாவிடை என்று சிலர் வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். முன்பு ஒரு மாஸ்டர் இளைப்பாறிய அன்று வெடி கொளுத்தினோம். முதல் வெடிக்கே இவர்களில் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஓடி, வந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கு முன்னால் போய் விழுந்தது. சாரதியின் கால் சரியான நேரத்தில் பிரேக்கில் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே இன்று கைதட்டலும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தட்ட நினைக்கும் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இம்மடலை எழுதி வாசிக்கும் பொறுப்பு, வருகிற தை மாதம் தங்கள் வகுப்பை ஏற்கவிருக்கும் ஜசிந்தாவாகிய என் தலையில் விழுந்தது. மடல் என்றால் வாக்கியம் நீள வேண்டும், அடைமொழி குறையக் கூடாது, ‘ஓங்கு புகழ்’ ஓரிடத்திலாவது வந்தே ஆக வேண்டும் என்று தலைமையாசிரியர் இளையதம்பி மாஸ்டர் கட்டளையிட்டார். ஓங்கு புகழ் கொண்ட ஒப்பற்ற அம்மையே! வந்துவிட்டது, மாஸ்டர். இனி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம் ஒன்றுதான்.

அச்சம் பயிற்றிய ஆசானே! மற்ற வகுப்புகளில் நாங்கள் பிள்ளைகளின் பயத்தைப் போக்கப் படாத பாடு படுகிறோம். தாங்களோ சத்தத்துக்கு மிரண்டாலும் ஆபத்துக்குப் பயப்படத் தெரியாத பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பயத்தை அவர்களுக்கு ஊட்டுவதற்காகத் தங்கள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பாடுபட்டீர்கள். அடுப்பில் கை வைத்துச் சுட்டுக்கொண்ட பிள்ளை மறுநாள் அதே அடுப்பில் அதே கையை வைக்கும். இன்று வாய் நிறையச் சொன்ன ‘ஆவன்னா’ நாளைக்கு அதற்கு முன்பின் தெரியாத எழுத்தாகிவிடும். யார் கையைப் பிடித்தாலும் கூடப் போகும். சிறிய தலை, இடுங்கிய கண், மெல்லிய மேலுதடு, வயதுக்கு வளராத உடம்பு. ஊரார் இவர்களை மந்தம் என்றார்கள், குழப்படி என்றார்கள், செய்வினை என்றும் சொன்னார்கள். தாங்கள் எந்தப் பெயரும் வைக்காமல், வருடம் மாறினாலும் வகுப்பேற்றி அனுப்பிவிடாமல், பக்கத்தில் இருத்திக்கொண்டீர்கள்.

அப்பிள்ளைகளில் ஒருத்தி பரிமளம். காலி நகரில் கடை வைத்திருக்கும் குலசிங்கத்தாருக்கும் நம்மூர் இராசமணிக்கும் பிறந்தவள். அவள் அரிவரிக்கு வந்த வருடம் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். மிதந்துபோன ஒரு தேங்காய்க் கோம்பையைப் பார்த்து அவள் நேரே கடலுக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியும் நடை நிற்கவில்லை. சேலையோடு இறங்கிக் கழுத்தளவில் அவளைத் தூக்கி வந்தீர்கள். இருமி, சத்தியெடுத்து, அழுது முடித்தாள். மணலில் இறக்கிவிட்டதும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடலைப் பார்த்தே நடந்தாள்! அப்போது தங்கள் முகத்தில் இருந்ததை நான் கண்டேன், அம்மா. அதற்குப் பிறகு எனக்குக் கடலைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

மறு வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து குழந்தை வைத்தியர் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். பரிமளத்தின் முகத்தை நெடுநேரம் பார்த்தவர், இப்படியான பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டு வைத்தியர்கள் அண்மையில்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். பிறகு இராசமணியைக் கதிரையில் இருத்தி, பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் என்ன சாப்பிட்டீர், என்ன குடித்தீர் என்று கேட்டார்.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. ஒரு பெண்ணின் பெயரைச் சபையில் சொல்லி இதை வாசிப்பது தகுமா என்று போன கிழமை இராசமணியிடமே போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

“என்ர பேரைச் சொல்லியே வாசியுங்கோ, ரீச்சர். நான் ஒளிச்சால் இன்னொருத்தி குடிப்பாள்.”

ஆகவே வாசிக்கிறேன். நம்மூரில் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கள்ளுக் கொடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கள்ளு குளிர்மை, உடம்பின் சூட்டைத் தணிக்கும், பிள்ளை தெளிவாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. கொடுப்பது குடிகாரர் இல்லை, பாசமுள்ள மாமிமார். இராசமணிக்குச் சாப்பாடு தங்காமல் சத்தி எடுத்ததால் மாமியார் இலட்சுமிப்பிள்ளை காலையும் மாலையும் பனையோலைப் பிளாவில் நிறைய நிறைய வார்த்துக் கொடுத்தார். பனையில் கள்ளு வற்றிய பிறகு கள்ளுக்கடைத் தவறணையிலிருந்து போத்தல் வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்காக இராசமணி குடித்தார்.

அந்தக் கள்ளுத்தான் வயிற்றிலேயே பிள்ளையின் மூளையைத் தாக்கியது என்று வைத்தியர் விளக்கியதும் இராசமணி சத்தம் போடவில்லை. “அப்ப என்ர பிள்ளையை நான்தானே இப்பிடி ஆக்கினனான்?” என்று மட்டும் கேட்டார். தாங்கள்தான் அவர் கையைப் பிடித்தீர்கள்.

“நீர் மருந்தெண்டு நினைச்சுக் குடிச்சனீர். மருந்தெண்டு சொல்லித் தந்தவை. அதை இனி ஒருதரும் உம்மட்டைக் கேட்கப்படாது. இனிப் பிள்ளையைப் பாப்பம்.”

ஆற்றலின் உருவே! அன்று தொடங்கியது தங்கள் வீடு வீடான நடை. எந்த வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டாலும் மருத்துவிச்சி அல்போன்சம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசல் படலையில் நின்றீர்கள். குளிர்மைதான் வேண்டுமென்றால் சுண்ணாம்பு தடவிய முட்டியில் புளிக்காமல் இறக்கிய கருப்பணியைக் கொடுங்கள், புளித்த கள்ளு ஒரு வாயும் வேண்டாம் என்று கெஞ்சினீர்கள். “படிப்பிக்க வந்தவவுக்கு எங்கட குசினியிலை என்ன வேலை?” என்று கேட்ட வீடுகள் உண்டு. நாயை அவிழ்த்துவிட்ட வீடும் உண்டு. ஆனால் இலட்சுமிப்பிள்ளை அம்மா தங்களோடு கூட வந்தார். கூட வந்து, ஒவ்வொரு படலையிலும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகு பலர் பிளாவைக் கீழே வைத்தார்கள்.

பிறக்கப் போகிற பிள்ளைகளுக்கு அது போதும். பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு என்ன செய்வது? வகுப்புச் சுவரில் இருந்த படங்களையெல்லாம் கழற்றினீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு வேலை, எப்போதும் ஒரே இடத்தில் ஒரே வாங்கு. மணியடிப்பதை நிறுத்தி வெள்ளைத் துணியை உயர்த்திக் காட்டினீர்கள். நேற்றுப் படித்தது மறந்துவிட்டதா, குற்றமில்லை, இன்று முதலிலிருந்து படிப்போம். அடிக்காதீர்கள், அடித்தால் அடி மட்டும் நோகும், பாடம் ஏறாது என்று எங்கள் கைப்பிரம்புகளையும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அவை எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. பால் காய்ச்சிய அடுப்பைக் கேட்டால் சொல்லும்.

பிறகு அந்தத் தும்புக் கயிறு. பாடசாலைக் கிணற்றைச் சுற்றி, படலைக்கு முன்னால், அடுப்படி வாசலில் என்று நிலத்தில் கயிற்றைப் போட்டீர்கள். கயிற்றைக் கண்டால் கால் நிற்க வேண்டும். நின்று, “நான் நிக்கிறன்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். “வா” என்ற மறுமொழி வரும்வரை அசையக் கூடாது. வந்ததும், கூப்பிட்டவரிடம் திரும்பி வர வேண்டும். காலையில், இடைவேளையில், வீட்டுக்குப் போகையில் என்று ஒவ்வொரு நாளும் அதே பாடம், அதே சொல், அதே குரல். “ரீச்சர் பிள்ளையளைக் கட்டி மேய்க்கப் போறாவோ?” என்று ரோட்டால் போனவர்கள் கேட்டார்கள். “ஓம், உங்கட பிள்ளையையும் கொண்டு வாங்கோ, புல்லுப் போடுறன்” என்று தாங்கள் சொன்னது ஊரில் இன்னும் பேசப்படுகிறது.

பரிமளத்தின் கால் கயிற்றடியில் நிற்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அவள் நிற்க வேண்டுமென்று தாங்கள் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தீர்கள். போன வருடம் ஆனி மாதம் ஒருநாள் லீவு எடுத்துக்கொண்டு, அந்த நேர்த்தியைச் செலுத்த வள்ளமேறிப் போனீர்கள். அரிவரியை அன்று நான் பார்த்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு பரிமளத்தின் இடம் வெறுமையாக இருந்தது.

பாடசாலைக் கிணற்றை முதலில் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்க்கும்போது என் கண்கள் மூடிக்கொண்டன. திறக்க மனம் வராமலே திறந்தேன். அங்கே இல்லை. ரோட்டில் இல்லை, கோயிலடியில் இல்லை. அப்போது பின்வளவிலிருந்து அப்புத்துரை அண்ணை கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவருடைய புகையிலைத் தோட்டத்தில் சுற்றுக்கட்டு இல்லாத பழங்கிணறு ஒன்று. வாயைச் சுற்றி மண் இளகி உதிர்ந்து கிடக்கும். கிணற்றின் விளிம்போடு துலாக் கயிறு ஒன்று நீளத்துக்குக் கிடந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பரிமளம்.

“நான் நிக்கிறன்.”

“வா பிள்ளை, வா” என்றார் அப்புத்துரை அண்ணை. அவள் வரவில்லை. பிடிக்க நினைத்து ஓரடி முன்வைத்தார். அவள் அவரை நோக்கித் திரும்பி, பின்பக்கமாக ஓரடி வைத்தாள். குதிக்கால் கயிற்றில் ஏறியது. மண் கொட்டுண்டு தண்ணீரில் விழுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அதற்கு மேல் யாரும் அசையவில்லை.

நான் கூப்பிட்டேன். வரவில்லை. இராசமணி ஓடி வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். வரவில்லை. “நான் நிக்கிறன்” என்று எங்களுக்கே திருப்பிச் சொன்னாள். அவள் கேட்டுப் பழகிய ‘வா’ எங்களில் ஒருவரிடமும் இல்லை. வாடகைக் கார் ஒன்று தங்களைத் தேடிக் குறிகட்டுவான் வள்ளத்துறைக்குப் பறந்தது, தாங்கள் எந்த வள்ளத்தில் திரும்புவீர்கள் என்று தெரியாமலே.

அவளை அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். வகுப்பில் பாடுகிற கை கழுவும் பாட்டைப் பாடினேன். முடிந்ததும் மறுபடி பாடினேன். நான் களைத்ததும் இளையதம்பி மாஸ்டர் தொடர்ந்தார். மாஸ்டரின் பாட்டைக் கேட்டால் யாரும் ஓடிவிடுவார்கள் என்று நாங்கள் பகிடி பண்ணுவதுண்டு. அன்று அந்தப் பாட்டுத்தான் பிள்ளையை நிறுத்திவைத்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. அவள் குந்தினாள், எழுந்தாள், கயிற்றைத் தடவினாள், கிணற்றுக்குள் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் எங்கள் நெஞ்சு அந்தக் கிணற்றுக்குள் விழுந்து எழும்பியது. மாஸ்டருடைய கண்ணீர் மீசையில் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

வெயில் சாய்கிற நேரம் தாங்கள் வந்து சேர்ந்தீர்கள். நெற்றியில் அம்மன் குங்குமம். ஓடி வரவில்லை. வேலியடியில் நின்று, மூச்சை அடக்கி, ஒவ்வொரு நாளும் சொல்வது போலவே, “வா, பரிமளம்” என்றீர்கள்.

வந்தாள். நேரே வந்து தங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “சாப்பாடு எங்கை ரீச்சர்?” என்று கேட்டாள்.

நாங்கள் எல்லோரும் அழுதோம், சிரித்தோம், தங்கள் காலைத் தொட்டோம். தாங்கள் மட்டும் புகையிலைப் பாத்தியில் அப்படியே இருந்துவிட்டீர்கள். எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னீர்கள்.

“என்ர குரலுக்கு மட்டும் பழக்கிப்போட்டன், ஜசிந்தா. நான் இல்லாமல் போனால் இவள் நிண்ட இடத்திலையே நிண்டிடுவாள்.”

தன்னலம் துறந்த தகைமையே! குரலால் வாழ்கிறவள் ஆசிரியை. அந்தக் குரலைத் தாங்கள் அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தீர்கள். கடைசித் தவணை முழுவதும் கயிற்றடியில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் “நான் நிக்கிறன்” என்று தங்கள் முகத்தையே பார்ப்பாள். தாங்கள் நிலத்தைப் பார்ப்பீர்கள். இராசமணி கூப்பிடுவார், நான் கூப்பிடுவேன், பாண் கொண்டுவருகிற சவிரிமுத்து சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார். அவள் வரமாட்டாள். நாங்கள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரும்வரை மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள். தங்கள் உதடு துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வாயைச் சேலையால் பொத்திக்கொண்டீர்கள். அவளைக் கூப்பிடாமல் இருக்கிறதுதான் தாங்கள் செய்ததிலே ஆகப் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐப்பசியில் ஒருநாள் இராசமணியின் ‘வா’வுக்கு அவள் வந்தாள். அந்தத் தாய் அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டார். இப்போது தாயின் குரலுக்கு வருகிறாள். என் குரலுக்கு இதுவரை வரவில்லை.

அம்மா, பிரியாவிடை மடலில் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது. இது மாரிக்காலம். ஊரில் உள்ள கிணறுகளெல்லாம் வாய்வரை நிறைந்து கிடக்கின்றன, குளம் எது வயல் எது என்று தெரியவில்லை. தை பிறந்ததும் பாடசாலை நேரத்தில் பரிமளத்துக்கும் கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் என் குரல்தான். அது அவர்கள் காதில் ஏறுமா என்று நினைத்துப் பார்க்கும்போது சோறு இறங்குவதில்லை. இதைத் தங்களிடம் சொன்னபோது, “பயம் இருக்கட்டும் பிள்ளை. பயமில்லாத ரீச்சரிட்டை இந்தப் பிள்ளையளை நான் விட்டிட்டுப் போகமாட்டன்” என்றீர்கள். இந்தச் சட்டம் போட்ட மடலைத் தங்கள் வீட்டுச் சுவரில் கொழுவுவீர்கள். தாங்கள் சொன்ன அந்த வார்த்தையை நான் என் நெஞ்சில் கொழுவி வைத்திருக்கிறேன்.

தாயினும் சாலப் பரிந்த தகைசால் அம்மையே! கண்ணொளி குன்றாமல், கைகால் சோராமல், கணவர் சிவபாதம் அவர்களோடு நயினை அம்பிகையின் அருள்நிழலில் நெடுங்காலம் நலமே வாழ்க! மாலையில் வாசற்படியில் இருக்கும்போது ரோட்டில் ஒரு பிள்ளை தன் தாயின் குரல் கேட்டு நிற்பதைக் கண்டு, மனம் நிறைந்து, சுடச்சுடத் தேநீர் குடித்து, எங்களையும் ஒருக்கால் நினைத்துக்கொள்க!

மடல் முடிகிறது. மாலை இன்னும் போடவில்லை. அதைப் பரிமளம் கொண்டு வருகிறாள். மண்டப வாசலில் கயிறு போட்டிருக்கிறோம். சபையோரே, தயவுசெய்து சத்தம் வேண்டாம். இராசமணி, நீரும் கூப்பிட வேண்டாம்.

அவள் வந்து நிற்கிறாள், அம்மா. தங்களைத்தான் பார்க்கிறாள். நிலத்தைப் பாருங்கள். நான் கூப்பிடப் போகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் குரல் கேட்டு வளர்ந்த
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
கீழ்வீதி ஆரம்ப பாடசாலை, நாரந்தனை.